கிணறுகளுக்கும் பெயர் உண்டு

ஆலங்குளத்துக்கும் தென்காசிக்கும் நடுவே பஸ்ஸில் போகிறவர்கள் அத்தியூத்து, அடைக்கலப்பட்டணம், பாவூர்சத்திரம் என்று கண்டக்டர் கூவுவதைக் கேட்டிருப்பார்கள். அத்தியூத்து என்றதும் ஓர் அத்திமரமும் ஓர் ஊற்றும் நினைவில் எழுகின்றன. பாவூரை ஒட்டி வழிப்போக்கர்கள் தங்கிய சத்திரம் பாவூர்சத்திரம் என்ற பெயரில் இருக்கிறது. இன்று அங்கே காய்கறி ஏற்ற வரும் லாரிக்காரர் யாரும் சத்திரத்தைத் தேடுவதில்லை. அடைக்கலப்பட்டணம் என்ற பெயரோ, தமிழ் வேதாகமம் படித்தவர் காதில் இன்னொரு விதமாகவும் விழும். கைதவறி ஒருவனைக் கொன்றுவிட்டவன், பழிவாங்க வருகிறவனிடமிருந்து தப்பி ஓடிப் புகுந்துகொள்வதற்காக இஸ்ரவேலில் 6 ஊர்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த ஊர்களை வேதாகமத் தமிழ் இதே சொல்லால்தான் அழைக்கிறது.

எபிரேயக் கதைசொல்லிகள் பெயரை லேசாக விட்டவர்கள் அல்லர். ஆதியாகமம் 26-ஆம் அதிகாரத்தைக் கிணற்றுப் பாசனத்தை நம்பி வாழ்கிற நம் பக்கத்து விவசாயி படித்தால், ஒரு வரிகூட அவருக்கு அந்நியமாகத் தோன்றாது. ஆபிரகாம் வெட்டிய கிணறுகளைப் பெலிஸ்தர் மண்ணைப் போட்டுத் தூர்த்துவிட்டார்கள். மகன் ஈசாக்கு வந்து அவற்றைத் தூர்வாரினான். அப்பா வைத்த பெயர்களையே மறுபடி வைத்தான். பிறகு புதிதாக ஒரு கிணறு தோண்டினான். ஊர்க்காரர்கள் தண்ணீர் தங்களுடையது என்று சண்டைக்கு வந்தார்கள். அந்தக் கிணற்றுக்கு வாக்குவாதம் என்று பொருள்பட ஏசேக்கு என்று பெயர் வைத்துவிட்டு நகர்ந்தான். அடுத்த கிணற்றிலும் தகராறு. அது சித்னா, அதாவது பகை. மூன்றாவதற்கு யாரும் சண்டைக்கு வரவில்லை. அது ரெகொபோத், இடம் கிடைத்தது என்று பொருள். ஒரு தண்ணீர்த் தகராறு முழுவதும் மூன்று பெயர்களுக்குள் அடங்கிவிட்டது.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது, புதுப் பெயர் வந்த பிறகும் அவர்கள் பழையதை அழிக்கவில்லை என்பது. கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கிய யாக்கோபு, கனவு கண்ட இடத்துக்குப் பெத்தேல் என்று பெயரிட்டான். முன்பு அந்த ஊருக்கு லூஸ் என்று பெயர் என்பதையும் கதை அங்கேயே சொல்லிவிடுகிறது. பெத்லகேமுக்குப் போகும் வழியில் பிரசவத்தில் உயிர் பிரியும்போது ராகேல் தன் பிள்ளைக்குப் பெனோனி, என் துக்கத்தின் மகன், என்று பெயரிட்டாள். தகப்பன் அதைப் பென்யமீன், வலதுகையின் மகன், என்று மாற்றினான். பிள்ளைக்கு நிலைத்தது தகப்பன் வைத்த பெயர்தான். ஆனாலும் அந்தத் தாய் சொன்ன பெயர் ஏட்டிலிருந்து போகவில்லை. நம் ஊர்களில் பெஞ்சமின் என்று கூப்பிடுகிற ஒவ்வொரு முறையும் அவள் பட்ட வேதனை அந்தப் பெயருக்கு அடியில் இருக்கிறது.

யாக்கோபு இஸ்ரவேல் ஆன பிறகும் கதை அவனை இரண்டு பெயராலும் அழைத்துக்கொண்டே போகிறது. ஆபிரகாம் அப்படியில்லை, பெயர் மாறிய பிறகு ஆதியாகமம் அவனை ஒருமுறைகூட ஆபிராம் என்பதில்லை.

எபெனேசர் என்ற பெயரின் கதை இன்னும் ஆழமானது. உதவியின் கல் என்று அதற்குப் பொருள். சாமுவேல் அந்தக் கல்லை நாட்டியது வெற்றிக்குப் பின். ஆனால் அதற்கு முன்பே அதே பெயருள்ள இடத்தில் பாளயமிறங்கித்தான் இஸ்ரவேலர் தோற்றார்கள், உடன்படிக்கைப் பெட்டியைப் பறிகொடுத்தார்கள். அந்தச் செய்தி கேட்டுப் பிரசவித்த ஒரு தாய், மகிமை போய்விட்டது என்று தன் பிள்ளைக்கு இக்கபோத் என்று பெயரிட்டாள். நெல்லை, தென்காசிப் பக்கத்து வீட்டு வாசல்களில் எபெனேசர், பெத்தேல், ரெகொபோத் என்றெல்லாம் பார்க்கிறோம். இக்கபோத் என்று ஒரு பிள்ளைக்குப் பெயர் வைத்து நான் கேட்டதில்லை.

தொலைவிலுள்ள புனிதத்தைப் பெயரில் கொண்டுவந்து ஊன்றுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பராக்கிரம பாண்டியன் 1446-இல் விசுவநாதர் கோயிலைத் தொடங்கிய ஊரில் காசியே தெற்கே வந்து தென்காசியாக நிற்கிறது. கிறிஸ்தவம் வந்தபோதும் மக்கள் அதே பழக்கத்தில்தான் நடந்தார்கள். சாண்பத்து நாசரேத் ஆயிற்று. நெடுவிளை மெஞ்ஞானபுரம் ஆயிற்று. கத்தோலிக்கர் பெயரின் பொருளையே தமிழாக்கினார்கள். கடவுள் அருள்கூர்ந்தார் என்று பொருள்படும் எபிரேய யோகனான், தமிழில் அருளப்பன் ஆனான்.

இவற்றில் எபிரேய வழக்கத்துக்கு மிக நெருங்கியது முதலூர் என்றே நினைக்கிறேன். வேதாகமத்திலிருந்து எடுத்த பெயர் அல்ல அது. மதம் மாறியதற்காகத் துன்புறுத்தப்பட்டவர்களைக் குடியேற்ற, உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் 1799-இல் சாத்தான்குளம் பக்கம் நிலம் வாங்கினார். திருநெல்வேலியில் கிறிஸ்தவர்களுக்கென்று எழுந்த முதல் ஊர், ஆகையால் முதலூர். நடந்ததே பெயராயிற்று, ஈசாக்கின் கிணறுகளில் நடந்ததைப் போல. பிறகு 1830-இல் மிஷனரி ரேனியஸ் காலத்தில் தர்ம சங்கம் ஏற்பட்டு, இப்படி விரட்டப்பட்டவர்களுக்கு நிலமும் வீடும் வாங்கும் வேலை ஒழுங்காகவே நடந்தது.

இந்த ஊர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் புதுப் பெயரின் மகிமையோடு நிறுத்திவிடக் கூடாது. லூஸை விடாமல் எழுதிய அந்தப் பழைய கதைசொல்லியைப் போல, சாண்பத்தையும் நெடுவிளையையும் எழுத வேண்டும். பனங்காட்டுத் தேரியில் அந்த விளைகளுக்குப் பெயர் வைத்தவர்களும் எதையோ நினைத்துத்தான் வைத்திருப்பார்கள். ஊரின் முதியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதிவைக்கிற வேலை இது.

பெயரில் ஊரைப் போலவே மனிதரும் தங்குவதுண்டு. பிரஷ்ய நாட்டுப் பிரபு தோனா கொடுத்த பணத்தில் எழுந்தது டோனாவூர். சாமுவேல் சாயர் என்ற வணிகர் பெயரில் நிற்பது சாயர்புரம். அந்தச் சாயரைப் பற்றி அடுத்த வாரம்.