ராமேஸ்வரத்துல ‘டோக்கன் இல்ல’ன்னா என்ன அர்த்தம் தெரியுமா?

‘க்ரிஞ்ச்’, ‘வைப்’ எல்லாம் பாம்பன் பசங்க போன்லயும் ஓடுது மக்களே. ஆனா, கடல் தொழில்ல புழங்குற வார்த்தைகள் தெரிஞ்சாதான் அந்தப் பக்கம் பேச்சு புரியும்.

பாடு: வலையில கிடைச்ச மீன். ‘பாடு எப்படி?’ன்னா வருமானத்தையும் சேர்த்துதான் விசாரிக்கிறாங்க.

வடகடல், தென்கடல்: பாக் நீரிணை, மன்னார் வளைகுடா. இதையே பெண்கடல், ஆண்கடல்னும் சொல்லுவாங்க!

கொண்டல்: கிழக்குக் காத்து. வாடை வடக்குல இருந்து வரும்.

டோக்கன்: ரேஷன் கடை டோக்கன் இல்லைங்க. விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத்துறை தர்ற அனுமதிச் சீட்டு. புயல் எச்சரிக்கை வந்துட்டா, ‘இன்னைக்கு டோக்கன் இல்ல’ன்னு வாட்ஸ்அப்ல மெசேஜ் பறக்கும். படகுல பங்குக்கு வேலை பார்க்குறவங்களுக்கு அன்னைக்கு வரும்படி கிடையாது.

தடைக்காலம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுகளுக்கு மொத்தம் 61 நாள் லீவு, சம்பளம் இல்லாத லீவு.

பார்டர்: இந்திய - இலங்கை கடல் எல்லை. 1974 ஒப்பந்தத்துல கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போயிடுச்சு. மேப்ல இருக்கிற கோடு தண்ணியில தெரியாது.

நேவி: இங்கே இப்படி மொட்டையா சொன்னா, பெரும்பாலும் இலங்கைக் கடற்படைதான். ‘நேவி பிடிச்சிருச்சு’ன்னு யாராவது ஸ்டேட்டஸ் வெச்சா, சிரிப்பு எமோஜி தட்டிடாதீங்க. ஆள் இலங்கைச் சிறையில இருக்கலாம். ஆள் திரும்பி வந்தாலும் படகு வரும்னு சொல்ல முடியாது.