ஷெட்லாந்துப் பின்னலும் தேயிலைக் கூலியும்

ஸ்காட்லாந்தின் வடகோடியையும் தாண்டி, நார்வேயை நோக்கிய கடலில் கிடக்கிறது ஷெட்லாந்துத் தீவுக்கூட்டம். அதைச் சேர்ந்த ஃபேர் ஐல் என்னும் சிறு தீவின் பெயரால் வழங்கும் ஸ்வெட்டர், வண்ணப் பட்டைகளில் ஓடும் பூவேலைக்குப் பேர்போனது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு கப்பல் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. 1588இல் ஸ்பெயினின் ஆர்மடா என்ற போர்க்கப்பல் படை சிதறியபோது எல் கிரான் கிரிஃபோன் என்ற கப்பல் அந்தத் தீவின் பாறையில் மோதி உடைந்தது. கரையேறிய மாலுமிகள் தீவுப் பெண்களுக்குப் பூவேலையைக் கற்றுக்கொடுத்தார்கள் என்பது கதை. கப்பல் உடைந்தது உண்மை, மற்றதற்குச் சான்று இல்லை. கரையேறிய சுமார் முந்நூறு பேரும் விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களே இருந்த தீவில் சில வாரங்கள் பட்டினி கிடந்தார்கள், பலர் செத்தும் போனார்கள். கப்பல்கூட ஜெர்மனியின் ராஸ்டாக் துறைமுகத்திலிருந்து வாடகைக்கு வந்ததுதான். அந்த நிலைமையில் அவர்கள் ஊசியும் நூலுமாக உட்கார்ந்து பாடம் நடத்தினார்கள் என்று நம்பத் தாராள மனம் வேண்டும். பொய்யென்று தெரிந்தும் இந்தக் கதை ஏன் சாகவில்லை என்பதே என் கேள்வி. ஷெட்லாந்துப் பின்னலை ஏற்றுமதித் தொழிலாகப் பார்க்க விடாமல் அது நம் கண்ணை மறைக்கிறது. சந்தை, கடன், கூலி ஆகியவற்றின் வரலாறு அதற்குப் பின்னால் போய்விடுகிறது.

சான்று வேறொரு பக்கம் கை காட்டுகிறது. 1951இல் கன்னிஸ்டர் என்ற இடத்தில், பீட் எனப்படும் எரிமண்ணை வெட்டியவர்களுக்கு 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் இறந்த ஒருவனின் உடைகள் கிடைத்தன. உடல் மக்கிப் போயிருந்தது, கம்பளி மக்கவில்லை. தொப்பி, கையுறை, காலுறை எல்லாம் பின்னியவை. கூடவே, சிவப்பிலும் வெள்ளையிலும் பூவேலை செய்த சிறு பணப்பையும் இருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட நிறத்தில் பின்னியதாக ஷெட்லாந்தில் நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையது அதுதான். பைக்குள் இருந்த காசுகள் டச்சுக் காசும் ஸ்வீடன் காசும். இதில் வியப்பில்லை. கோடைதோறும் ஹெர்ரிங் மீன்பிடிக்க டச்சுக்காரர்களின் படகுகள் கூட்டம் கூட்டமாகப் பிரெஸ்ஸே நீரிணையில் வந்து நின்றன. தீவுக்காரர்கள் பின்னிய காலுறைகளை எடுத்துப்போய் அவர்களிடம் விற்றார்கள். இன்றைய தலைநகரமான லெர்விக் அந்தக் கரைச் சந்தையிலிருந்து எழுந்த ஊர். ஆகவே, நமக்குச் சான்று கிடைக்கத் தொடங்கும் காலத்திலேயே ஷெட்லாந்துப் பின்னல் அயலூரானுக்கு விற்கும் சரக்காக இருந்திருக்கிறது.

விற்பவர்கள் வாங்குகிறவனின் விருப்பத்தை அறிந்தே பின்னினார்கள். முரட்டுக் காலுறையின் காலம் தேய்ந்து, 1830களிலும் 40களிலும் சிலந்தி வலைபோன்ற லேஸ் சால்வைகள் வந்தன. ஆட்டின் கழுத்தடி மயிரைக் கத்தரிக்காமல் கையாலேயே பறித்து, இழை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நூற்று, ஆளுயரச் சால்வையை மோதிரத்துக்குள் நுழைக்கும்படி பின்னினார்கள். அன்ஸ்ட் தீவுப் பெண்கள் இதில் கைதேர்ந்தவர்கள். ஷெட்லாந்தில் பிறந்து, பி அண்டு ஓ கப்பல் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆர்தர் ஆண்டர்சன், 1837இல் விக்டோரியா மகாராணிக்குத் தீவின் மெல்லிய காலுறைகளைப் பரிசளித்ததும் விளம்பரத்துக்குத்தான். ஆண்கள் கடலுக்குப் போய்விட, பயிர், மாடு, எரிமண் எல்லாம் பெண்கள் பொறுப்பு. முதுகில் எரிமண் கூடை, இடுப்பில் ஊசி செருகும் தோல் கச்சை, கையில் பின்னல் என்று அவர்கள் நடந்துபோகும் புகைப்படங்களைப் பார்ப்பவர்கள் அழகு என்கிறார்கள். பின்னுவதற்கென்று தனியாக நேரம் இல்லாதவர்கள் அவர்கள்.

இவ்வளவுக்கும் கிடைத்த கூலி என்ன? 1872இல் வில்லியம் கத்ரி என்ற அதிகாரி, கூலிக்குப் பதில் சரக்குக் கொடுக்கும் வழக்கத்தைப் பற்றித் தீவில் விசாரணை நடத்தினார். பின்னும் பெண்கள் நேரில் வந்து சாட்சி சொன்னார்கள். சால்வையைக் கடையில் கொடுத்தால் காசு வராது. தேயிலையும் துணியும் வரும், இல்லையென்றால் அதே கடையில் மட்டும் செல்லும் துண்டுச் சீட்டு. பசிக்கு வேண்டியது மாவும் உருளைக்கிழங்கும். அதற்காக வாங்கிய தேயிலையை அக்கம்பக்கத்தில் நட்டத்துக்கு விற்றார்கள். நல்ல துணி உடுத்தி வெறும் வயிற்றோடு இருந்த பெண்களும் உண்டு.

கடைக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. தீவில் நாணயப் புழக்கம் குறைவு. பின்னிய சரக்கு தெற்கே விலைபோகும்வரை அவர்களும் காத்திருந்தார்கள். விளைச்சல் பொய்த்த ஆண்டில் கடன் கொடுத்து உதவியவர்களும் அவர்களே. இதையெல்லாம் மறுக்க முடியாது. ஆனால் சரக்குக்கு ஒரு விலை, ரொக்கத்துக்கு அதைவிடக் குறைந்த விலை என்று இரண்டு கணக்கு அங்கே நடந்தது. நாணயத் தட்டுப்பாடு மட்டுமே காரணமென்றால் அந்த வித்தியாசத்துக்கு விளக்கம் இல்லை. லாபம் பின்னலில் ஒரு முறை, தேயிலையில் ஒரு முறை எடுக்கப்பட்டது. 1887இல் வந்த திருத்தச் சட்டம், வீட்டிலிருந்து பின்னுகிறவர்களுக்கும் கூலியைக் காசாகவே தரவேண்டும் என்றது. சட்டம் வந்தும் வழக்கம் லேசில் ஒழியவில்லை, 20ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது.

விற்பனைக்காகப் பின்னியதை மரபு என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகச் சொல்லலாம். 1920களின் தொடக்கத்தில் லெர்விக் ஜவுளி வியாபாரி ஒருவர் வேல்ஸ் இளவரசருக்கு ஃபேர் ஐல் ஸ்வெட்டர் அனுப்பிவைத்தார். 1922இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானத்தில் இளவரசர் அதை அணிந்து வந்ததும் ஊரெல்லாம் அதே பேச்சு. தொப்பியிலும் காலுறையிலும் இருந்த பூவேலையை உடம்பு முழுக்க விரித்து, புது நிறங்கள் சேர்த்து, அந்தத் தேவைக்கு ஈடுகொடுத்தவர்கள் பின்னும் பெண்களே. அந்தத் திறமைக்கு ஸ்பெயின் மாலுமியின் சிபாரிசு தேவையில்லை. ஆனால் அவர்கள் ஆசைக்காகவே பின்னினார்கள் என்ற எண்ணம் மட்டும் நிற்காது. 1970களில் எண்ணெய்த் தொழில் தீவுக்கு வந்து, சல்லம் வோவில் முனையம் கட்டப்பட்டபோது, வாரச் சம்பளம் தரும் வேலைகள் திறந்தன. ஏராளமான பெண்கள் பின்னல் கூலியை விட்டுவிட்டு அங்கே போனார்கள்.