வட்டுக்கரு நொதிக்கரைப்பு

வட்டுக்கரு நொதிக்கரைப்பு அல்லது கீமோநியூக்ளியோலிசிசு என்பது, பிதுங்கிய முள்ளெலும்பிடை வட்டினை அறுவை செய்து அகற்றாமல், அதனுள் ஊசி வழியாக நொதி ஒன்றைச் செலுத்திச் சுருங்கச் செய்யும் மருத்துவ முறை ஆகும். கீழ்முதுகு வட்டுப் பிதுக்கத்தால் காலில் பரவும் நரம்பு வலிக்கு இது கையாளப்படுகிறது. இம்முறையில் முதலில் பயன்பட்ட நொதி, பப்பாளிப் பாலிலிருந்து பெறப்படும் கைமோபப்பைன் ஆகும்.

செயல்படும் விதம்

முள்ளெலும்பிடை வட்டின் வெளிப்புறத்தில் உறுதியான நார் வளையமும், உட்புறத்தில் கூழ் போன்ற வட்டுக்கருவும் உள்ளன. வளையம் நலிவுறும்போது கரு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துகிறது. பேச்சு வழக்கில் இது "சவ்வு விலகல்" எனப்பட்டாலும் வட்டு முழுவதும் இடம் பெயர்வதில்லை.

வட்டுக்கருவில் நீரைப் பிடித்து வைத்திருப்பவை புரோட்டியோகிளைக்கான் என்னும் மூலக்கூறுகள் ஆகும். கைமோபப்பைன் இவற்றின் புரதப் பகுதியைச் சிதைப்பதால் கரு நீரை இழந்து சுருங்குகிறது. நரம்பின் மீதுள்ள அழுத்தம் குறைகிறது. ஊடுகதிர்ப் படத்தின் துணையுடன் முதுகின் பக்கவாட்டிலிருந்து ஊசி செலுத்தப்படுகிறது. பப்பாளியை உண்பதால் இந்நொதி வட்டினைச் சென்றடையாது.

வரலாறு

வட்டுப் பிதுக்கத்திற்கும் கால் நரம்பு வலிக்கும் உள்ள தொடர்பை பாசுடன் நகர மருத்துவர்களான மிக்சுடர், பார் ஆகியோர் 1934 இல் விளக்கினர். கைமோபப்பைன் 1941 இல் பிரித்தெடுக்கப்பட்டது. முயல்களின் குருதியில் பப்பாளி நொதியான பப்பைனைச் செலுத்தியபோது அவற்றின் நிமிர்ந்த காதுகள் துவண்டு, சில நாள்களில் மீண்டும் நிமிர்ந்ததை லூயிசு தாமசு 1956 இல் அறிவித்தார். குருத்தெலும்பின் வேதிப்பொருள் வட்டுக்கருவிலும் இருப்பதால், அமெரிக்க எலும்பு மருத்துவர் லைமன் சுமித் இதனை வட்டு நோய்க்கு ஆராய்ந்தார். 1963 இல் மனிதருக்கு முதன்முறையாக கைமோபப்பைனைச் செலுத்தினார். அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 1982 இல் இதற்கு ஒப்புதல் வழங்கியது.

பக்க விளைவுகளும் வீழ்ச்சியும்

அறுவைக்காயம் இல்லாமையால் இம்முறை விரைவில் பரவியது. ஆயினும் காயம் சிறிதாயிருப்பது மட்டுமே பாதுகாப்பிற்குச் சான்றாகாது என்பதை இதன் வரலாறு காட்டுகிறது. கைமோபப்பைன் அயற்புரதம் ஆதலால் சிலருக்கு உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்பட்டது. இறைச்சியை மென்மையாக்கும் பொடிகளில் பப்பாளி நொதிகள் சேர்க்கப்படுவதால், முன்பே ஒவ்வாமை கொண்டோரும் இருந்தனர். தண்டுவடத்தைச் சூழ்ந்த நீர்மத்தினுள் நொதி கசிந்தால் குருதிக்கசிவு உண்டாகும். அரிதாகத் தண்டுவட அழற்சியால் கால்கள் செயலிழந்தன. இத்தகைய காரணங்களாலும், நுண்ணோக்கி வழி அறுவை முறைகள் வளர்ந்தமையாலும் பயன்பாடு குறைந்தது. 2003 இல் அமெரிக்காவில் விற்பனை நிறுத்தப்பட்டது.

தற்கால நிலை

சப்பானில் கொண்டோலியேசு என்னும் வேறொரு நொதி 2018 இல் ஒப்புதல் பெற்றது. பாக்டீரியாவிலிருந்து பெறப்படும் இது, புரோட்டியோகிளைக்கானின் சர்க்கரைத் தொடர்களை மட்டும் சிதைக்கிறது, புரதத்தைச் சிதைப்பதில்லை. எனினும் ஒவ்வாமை அச்சத்தால் ஒருவருக்கு மறுமுறை செலுத்தப்படுவதில்லை.

வட்டுப் பிதுக்கம் உற்றோரில் பெரும்பாலோர் சில வாரங்களில் அறுவையின்றியே நலமடைகின்றனர். வலி நீடிப்போருக்கே இம்முறை கருதப்படும். வட்டிலிருந்து துண்டாகிப் பிரிந்த கருவிற்கு இது பொருந்தாது. சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல், கால்களில் விரைந்து கூடும் தளர்ச்சி ஆகியவை தோன்றின் ஊசி முறைக்குக் காத்திராமல் உடனடி மருத்துவம் பெறுதல் இன்றியமையாதது.