ஐம்பது சிசி வண்டியும் பதினாறு வயதும்

மிதிவண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இடையில் இளைஞர்கள் ஓட்டிப் பழகிய சிறிய எஞ்சின் வண்டி மொபெட் ஆகும். இதன் எஞ்சின் கொள்ளளவு பெரும்பாலும் 50 கன சென்டிமீட்டருக்கு (சிசி) உட்பட்டது. தமிழ்நாட்டில் 1980-களிலும் 1990-களிலும் பல குடும்பங்களின் முதல் மோட்டார் வண்டி இதுவே. அவ்வீட்டுப் பிள்ளைகள் சாலையில் ஓட்டிப் பழகிய முதல் வண்டியும் இதுவே. இந்திய மோட்டார் வாகனச் சட்டம் 16 வயது நிரம்பியவருக்கு 50 சிசி வரையிலான வண்டியை ஓட்ட அனுமதி தருகிறது. அந்த அனுமதி இன்றும் நடைமுறையில் உள்ளது. ஆனால் அதற்குப் பொருந்தும் பெட்ரோல் வண்டி புதிதாக விற்பனையில் இல்லை. வண்டியும் சட்டமும் வெவ்வேறு வழியில் சென்ற இந்த வரலாறு இளம் ஓட்டுநர்களையும் அவர்களது பெற்றோரையும் நேரடியாகப் பாதிக்கிறது.

தோற்றம்

மோட்டார், பெடல் ஆகிய இரு சொற்களின் முன்பகுதிகளைச் சேர்த்து 1952-இல் ஸ்வீடனில் மொபெட் என்ற சொல் உருவாக்கப்பட்டது. பெயருக்கேற்ப, தொடக்ககால மொபெட்டில் எஞ்சினுடன் மிதிவண்டியின் பெடலும் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் மலிவான போக்குவரத்துக்காக இவ்வகை வண்டிகள் பெருகின.

இந்தியாவில் பிரான்சின் மோட்டோபெக்கான் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் திருப்பதியில் சுவேகா மொபெட் தயாரிக்கப்பட்டது. இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 1967-இல் வெளியிட்ட சாவ் மொபெட்டைத் தழுவி, புனேயின் கைனடிக் இன்ஜினியரிங் நிறுவனம் 1972-இல் லூனாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது தொழில் உரிமக் கட்டுப்பாடுகள் நிறைந்த காலம். பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 1973-இல் எழுந்த எண்ணெய் நெருக்கடி பெட்ரோல் விலையையும் உயர்த்தியது. விலை குறைந்த, பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் மொபெட்டுக்கு இச்சூழல் சாதகமாக அமைந்தது.

ஓசூரும் டி.வி.எஸ். 50-உம்

மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-இல் தொடங்கிய நிறுவனத்திலிருந்து வளர்ந்தது டி.வி.எஸ். குழுமம். அக்குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் சென்னை பாடியில் வாகன பிரேக் கருவிகளைத் தயாரித்துவந்தது. அதன் மொபெட் பிரிவு ஓசூரில் அமைக்கப்பட்டு, 1980-இல் டி.வி.எஸ். 50 வெளிவந்தது. இருவர் அமர்ந்து செல்லக்கூடிய முதல் இந்திய மொபெட் என்று இது குறிப்பிடப்படுகிறது. பின் இருக்கை இருந்ததால் தனியாள் வண்டி குடும்ப வண்டியானது. சென்னையைச் சேர்ந்த என்ஃபீல்டு இந்தியா நிறுவனமும் புல்லட்டுடன் 50 சிசி வண்டிகளைத் தயாரித்தது.

பால்காரர், பூ வியாபாரி, காய்கறி விற்பவர், கிராமத்து ஆசிரியர் எனப் பலரும் டி.வி.எஸ். 50 வாங்கினர். பின்னால் பால் கேன்களும், முன்னால் உள்ள இடத்தில் அரிசி மூட்டையும் ஏறின. சிறு பிள்ளைகள் அந்த முன்பக்கத்தில் நின்றபடி தந்தையுடன் பயணம் செய்தனர். வேறு நிறுவனத்து மொபெட்டையும் 'டி.வி.எஸ். ஃபிப்டி' என்றே அழைக்கும் வழக்கம் தமிழ்நாட்டின் பல ஊர்களில் உருவானது.

ஓட்டிப் பழகிய முறை

அக்காலச் சிறுவர்கள் வாடகை சைக்கிளில்தான் முதலில் ஓட்டக் கற்றனர். இருக்கைக்கு உயரம் எட்டாதவர்கள் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டனர். பிறகு பாருக்கு மேல் கால் போட்டு, கடைசியாக இருக்கையில் ஏறினர். அதற்கு அடுத்த படியாக வந்த மொபெட்டில் பெடல் இருந்ததால் பழகிய மிதிவண்டியின் தொடர்ச்சியாகவே அது தோன்றியது.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பெடலை மிதித்தால் எஞ்சின் இயங்கத் தொடங்கும். கிளட்ச் லீவரும் கியரும் கிடையாது. எஞ்சின் வேகம் கூடும்போது மையவிலக்கு விசையால் கிளட்ச் தானாகப் பிடித்துச் சக்கரத்தைச் சுழற்றும். வேகம் குறைந்தால் தானாக விடுபடும். எனவே புதியவர் கவனிக்க வேண்டியவை ஆக்சிலேட்டர், பிரேக், சாலை ஆகிய மூன்று மட்டுமே. கியர் வண்டியில் கிளட்சை விடும் பதம் தெரியாமல் வண்டி துள்ளி நிற்பதும், முன்சக்கரம் எழும்புவதும் இதில் நேர்வதில்லை. எடை குறைவு என்பதால் சாய்ந்தாலும் காலூன்றித் தாங்க முடிந்தது. வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரை ஒட்டியே நின்றது.

பராமரிப்பும் பயிற்சியின் ஒரு பகுதியாக இருந்தது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் பெட்ரோலுடன் ஆயிலைக் குறிப்பிட்ட அளவில் கலந்து ஊற்ற வேண்டும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும். கூடினால் புகை அதிகரித்து ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டுவது வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த வேலையாக இருந்தது.

சட்டமும் 1994 திருத்தமும்

மோட்டார் வாகனச் சட்டம், 1988 என்பது 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 4-ஆம் பிரிவு, பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டக் குறைந்தபட்ச வயது 18 என்று வகுத்தது. ஆனால் கியர் இல்லாத மோட்டார் சைக்கிளை 16 வயது நிரம்பியவர் ஓட்டலாம் என்ற விலக்கும் அதில் இருந்தது. 18 வயதுக்கு உட்பட்டவர் பழகுநர் உரிமம் பெறப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும்.

பழகுநர் உரிமம் தமிழ்நாட்டில் எல்.எல்.ஆர். என்றே அறியப்படுகிறது. இது 6 மாதம் செல்லும். குறைந்தது 30 நாள் கழித்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். இரு சக்கர வண்டிக்கு 'எட்டு போடுதல்' இதன் முக்கியப் பகுதி. கால் ஊன்றாமல் எட்டு வடிவப் பாதையில் மெதுவாகச் சுற்றிவர வேண்டும். பழகுநர் தம் வண்டியில் எல் பலகை மாட்ட வேண்டும். கற்றுத்தருபவரைத் தவிர வேறு எவரையும் பின்னால் ஏற்றக் கூடாது.

1994-இல் இச்சட்டம் திருத்தப்பட்டது. 4-ஆம் பிரிவில் 'கியர் இல்லாத மோட்டார் சைக்கிள்' என்றிருந்த சொற்கள் '50 சிசிக்கு மேற்படாத எஞ்சின் கொண்ட மோட்டார் சைக்கிள்' என்று மாற்றப்பட்டன. இத்திருத்தம் 1994 நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம்தான் டி.வி.எஸ். நிறுவனம் கியர் இல்லாத, 60 சிசி அளவிலான ஸ்கூட்டியை அறிமுகப்படுத்தியிருந்தது. 1990-இல் வந்த பஜாஜ் சன்னியும் 60 சிசி வகையே. மாணவர்களையும் இளம்பெண்களையும் ஈர்த்த இவ்வண்டிகள் பழைய சொற்களின்படி 16 வயதினருக்குப் பொருந்தியிருக்கும்; புதிய சொற்களின்படி பொருந்தவில்லை.

திருத்தம் சட்டம் முழுவதும் ஒரே சீராகச் செய்யப்படவில்லை. உரிமத்தின் வகைகளைச் சொல்லும் 10-ஆம் பிரிவிலும், பெற்றோர் ஒப்புதலைச் சொல்லும் 7-ஆம் பிரிவிலும் 'கியர் இல்லாத மோட்டார் சைக்கிள்' என்ற பழைய சொற்களே நீடிக்கின்றன. எனவே 16 வயதில் பெறும் உரிமத்தில் கியர் இல்லாத வகை என்று குறிக்கப்பட்டிருக்கும். அதைப் பார்க்கும் குடும்பங்கள், கியர் இல்லாத எந்த ஸ்கூட்டரையும் பிள்ளை ஓட்டலாம் என்று எண்ணிவிடுகின்றன. சட்டப்படி அது சரியன்று. 50 சிசி என்ற எல்லை 18 வயது நிரம்பும்வரை உண்டு.

மறைந்த வண்டி

ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 ஆகியவை 1985-இல் வந்தபின் வாங்குவோரின் நாட்டம் 100 சிசி வண்டிகளின் பக்கம் திரும்பியது. 2001-இல் ஹோண்டா ஆக்டிவா வந்தது. 100 சிசிக்குச் சற்று மேற்பட்ட எஞ்சினுடன், கியரில்லாமல், வீட்டில் அனைவரும் ஓட்டக்கூடியதாக இருந்த இவ்வகை ஸ்கூட்டர் மொபெட்டின் இடத்தைப் பிடித்தது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகளும் ஒவ்வொரு கட்டமாக இறுகின. பெட்ரோலுடன் ஆயிலையும் எரித்துப் புகைவிடும் சிறிய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு இவ்விதிகளைச் சமாளிப்பது கடினமாயிற்று.

எஞ்சிய மொபெட்டும் வளர்ந்தது. டி.வி.எஸ். எக்ஸ்எல் சூப்பர் 69.9 சிசி கொண்டது. 2015-இல் வந்த எக்ஸ்எல் 100, நான்கு ஸ்ட்ரோக்குடன் 99.7 சிசி கொண்டது. ஓட்டும் முறையில் பழைய டி.வி.எஸ். 50-இன் வாரிசாக இருந்தாலும், சட்டத்தின் கணக்கில் 16 வயதினருக்கு அது உரியதன்று.

இதன் விளைவு பள்ளி வாசல்களிலும் டியூஷன் நிலையங்களின் முன்னும் தெரிகிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களின் வயது 16, 17. மிதிவண்டியிலிருந்து இவர்கள் நேராக 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள, மணிக்கு 80 கிலோமீட்டரைத் தொடக்கூடிய ஸ்கூட்டருக்கு மாறுகின்றனர். இடைப்பட்ட படி இல்லை. முறையாக எல் பலகை மாட்டிப் பழகவும் வழியில்லை.

2019-க்குப் பின்

2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 199ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. இது 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி 18 வயதுக்கு உட்பட்டவர் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால், பாதுகாவலர் அல்லது வாகன உரிமையாளர் குற்றவாளியாகக் கருதப்படுவார். தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க உரிய முயற்சி எடுத்ததாகவோ அவர் மெய்ப்பிக்க வேண்டும். தவறினால் 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வாகனத்தின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டிய சிறுவர் 25 வயதுவரை உரிமம் பெற முடியாது. தமக்கு உரிமம் உள்ள வகை வண்டியையே அவர் ஓட்டியிருந்தால் பாதுகாவலர் மீதான இப்பொறுப்பு பொருந்தாது. ஆனால் அவ்வாறு ஓட்டத்தக்க பெட்ரோல் வண்டி கடைகளில் இல்லை என்பதே சிக்கல்.

விபத்து நேர்ந்தால் சுமை இன்னும் கூடும். ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் உரிமம் இல்லையென்றால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அத்தொகையை வாகன உரிமையாளரிடமிருந்து வசூலிக்க நீதிமன்றங்கள் அனுமதிக்கின்றன.

பிற நாடுகளில்

பிரிட்டனில் 1971-இல் மோட்டார் சைக்கிளுக்கான வயது 16-இலிருந்து 17-ஆக உயர்த்தப்பட்டு, 16 வயதினருக்கு 50 சிசி மொபெட் மட்டும் விடப்பட்டது. உற்பத்தியாளர்கள் பெயருக்குப் பெடல் வைத்த வேகமான 50 சிசி வண்டிகளை விற்றனர். யமஹா எஃப்எஸ்1-ஈ இவற்றுள் புகழ்பெற்றது. எஞ்சின் அளவு மட்டும் வேகத்தைக் கட்டுப்படுத்தாது என்பது தெரிந்ததும், 1977-இல் மொபெட்டுக்கு மணிக்கு 30 மைல் (48 கி.மீ.) என்ற வேக எல்லை வந்தது. ஜப்பானில் 16 வயதினர் 50 சிசி உரிமம் பெறலாம். புதிய மாசு விதிகளால் 50 சிசி எஞ்சின்களைத் தொடர்ந்து தயாரிக்க இயலாத நிலை வந்தபோது, ஆற்றல் 4 கிலோவாட்டுக்குள் கட்டுப்படுத்தப்பட்ட 125 சிசி வண்டிகளையும் அதே உரிமத்தில் ஓட்ட 2025 ஏப்ரல் முதல் அந்நாடு அனுமதித்தது.

இன்றைய நிலை

இந்தியாவில் மோட்டார் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட மின் வண்டிகள், எடை முதலிய விதிகளை நிறைவு செய்தால், மோட்டார் வாகனமாகவே கருதப்படுவதில்லை. இவற்றுக்கு உரிமமும் பதிவும் தேவையில்லை. 16 வயதினர் சட்டப்படி ஓட்டப் புதிதாகக் கிடைக்கும் வண்டிகள் பெரும்பாலும் இவையே. ஆனால் உரிமம் தேவையில்லாததால் எல்.எல்.ஆர். தேர்வு, சாலை விதிகள், எட்டு போடுதல் ஆகிய எதையும் கற்காமலே இவற்றைச் சாலையில் ஓட்ட முடிகிறது. அதைவிடத் திறன் மிக்க மின் வண்டிகளுக்குச் சிசி என்ற அளவே பொருந்தாது. பழகும் வயதையும் பழகும் வண்டியையும் பொருத்திப் பார்க்க 1994-இல் எழுதப்பட்ட 50 சிசி அளவுகோல் மட்டுமே சட்டத்தில் நிற்கிறது. பிரிட்டன் வேகத்தையும் ஜப்பான் ஆற்றலையும் அளவாகக் கொண்டதைப் போன்ற மாற்றம் இங்கு வரும்வரை, 18 வயது நிரம்பாத பிள்ளையிடம் வீட்டு ஸ்கூட்டரின் சாவியைக் கொடுப்பது, அவரிடம் கியர் இல்லா வகை உரிமம் இருந்தாலும், சட்டத்துக்கு மாறானதே.