தொலைப் பிழைத்திருத்தம் (கைபேசி வலைப்பக்கங்கள்)

கைபேசி உலாவியில் திறந்திருக்கும் வலைப்பக்கத்தை, அதோடு இணைத்த கணினியில் இருந்தபடி பிரித்துப் பார்த்துப் பிழை கண்டு திருத்தும் முறை தொலைப் பிழைத்திருத்தம் எனப்படும். தொழிலில் இருப்போர் ‘ரிமோட் டீபக்கிங்’ என்றே சொல்வர். ‘தொலை’ என்ற அடைமொழி சற்று மயக்கம் தருவது. பெரும்பாலான வேளைகளில் கைபேசிக்கும் கணினிக்கும் இடையே இருக்கும் தூரம் ஒரு முழம் கேபிள்தான்.

இதன் தேவையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரை, மாட்டுச் சந்தை பெயர்பெற்றது. சந்தைக்கு வழிகாட்டி, பர்கூர் மாடுகளையும் காங்கேயம் காளைகளையும் குதிரைகளையும் படமாகக் காட்டும் ஒரு வலைப்பக்கத்தை உள்ளூர் இளைஞர் ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். எழுதுவது மடிக்கணினியில். படிக்கப்போகிறவர்களோ திடலின் புழுதியிலும் வெயிலிலும் நின்று கைபேசியில் பார்ப்பவர்கள். அங்கே பக்கம் வெறும் வெள்ளையாக நின்றுவிட்டால், ஏன் நின்றது என்று கைபேசி சொல்லாது. கணினியில் எஃப்12 விசையை அழுத்தியதும் திறக்கும் கருவிப்பெட்டிக்குக் கைபேசித் திரையில் இடமில்லை. நோய் ஓரிடம், வைத்தியர் ஓரிடம். இந்த இரண்டையும் சேர்த்துவைப்பதுதான் தொலைப் பிழைத்திருத்தம்.

கணினியிலேயே பார்த்தால் போதாதா

உலாவிகளின் கருவிப்பெட்டியில் கைபேசி போலக் காட்டும் வசதி உண்டு. சாளரம் சுருங்கும், சுட்டி விரலாக நடிக்கும், ‘நான் ஐபோன்’ என்று உலாவி தளத்திடம் பொய்யும் சொல்லும். பக்கத்தின் அளவை ஒழுங்குபடுத்த அது உதவும், அவ்வளவே. கைபேசியின் செயலி வேகமோ நினைவகத்தின் அளவோ எழுத்துருவோ விசைப்பலகையோ அங்கே வந்துவிடுவதில்லை. குரோமில் ஐபோன் அளவைத் தேர்ந்தாலும் பக்கத்தை வரைவது குரோமின் பிளிங்க் இயந்திரமே தவிர ஐபோனின் வெப்கிட் அன்று. கைபேசியின் முகவரிப் பட்டை மேலும் கீழும் நகரும்போது திரையின் உயரம் மாறுகிறது. முழுத்திரை உயரம் என்று நம்பி வைத்த ‘பதிவு செய்க’ பொத்தான் பட்டைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். கணினியில் அந்தப் பொத்தான் கண்முன்னே பளிச்சென்று இருக்கும்.

தமிழ்ப் பக்கங்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். ஆண்ட்ராய்டின் திரை விசைப்பலகையில் தட்டும்போது எந்த எழுத்து அழுத்தப்பட்டது என்பதை உலாவி பெரும்பாலும் பக்கத்துக்குச் சொல்வதில்லை. ‘சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது’ என்ற பொருளில் 229 என்னும் ஒரே விசை எண்ணைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. ஒவ்வொரு விசையையும் சோதித்து உள்ளே விடும்படி எழுதிய ஊர்ப்பெயர்ப் பெட்டி கணினியில் ஒழுங்காக நடக்கும், கைபேசியில் விழிக்கும். விசையைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பெட்டிக்குள் விழுந்த உரையைப் பார்க்கும்படி எழுதுவதே இதற்குத் தீர்வு. ஆனால் 229 வருகிறது என்பதையே கைபேசியோடு இணைத்துப் பார்த்தால்தான் அறிய முடியும்.

எழுத்து எண்ணிக்கையும் இப்படித்தான். ‘அந்தியூர்’ நமக்கு ஐந்து எழுத்து: அ, ந், தி, யூ, ர். ஜாவாஸ்கிரிப்ட் அதை ஒன்பதாக எண்ணும். புள்ளியையும் துணைக்குறிகளையும் அது தனித்தனியே கணக்கில் எடுக்கிறது. எட்டுக்கு மேல் கூடாது என்று பெட்டிக்கு வரம்பு வைத்தால் கடைசிப் புள்ளி உதிர்ந்து ‘அந்தியூர’ என்று நிற்கும். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரைத் தட்டிச் சோதித்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிற பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அவர்கள் கண்ணில் இது கடைசிவரை படாது.

வரலாறு

ஜோ ஹெவிட் 2006-இல் ஃபயர்ஃபாக்ஸுக்காக வெளியிட்ட ஃபயர்பக், பக்கத்தைப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை உலகெங்கும் பரப்பியது. அது கணினிக்கு மட்டுமானது. 2008-இல் வந்த ஓபெரா டிராகன்ஃப்ளை வேறொரு கருவியில் ஓடும் ஓபெராவையும் எட்டிப் பார்த்தது. பின்னர் ஐபிஎம் நிறுவனத்தின் பேட்ரிக் முல்லர் ‘வைன்ரி’ என்னும் திறமூலக் கருவியை எழுதினார். பக்கத்துக்குள் ஒரு சிறு நிரலைச் செருகி, அதன் வழியே கணினிக்குச் செய்தி அனுப்பும் உத்தி அது. பக்கத்துக்குள்ளேயே ஓடும் நிரலால் பக்கத்தின் ஓட்டத்தை நிறுத்திவைக்க முடியாது. ஆகவே ஒரு வரியில் நிறுத்தி மதிப்புகளைப் பார்க்கும் வசதி வைன்ரியில் கிடைக்கவில்லை. அடோபி 2012-இல் ‘ஷேடோ’ என்ற பெயரில் வெளியிட்டு, பிறகு ‘எட்ஜ் இன்ஸ்பெக்ட்’ என்று பெயர் மாற்றிய கருவியும் வைன்ரியின் மேல் எழுந்ததே.

அதே 2012-இல் உலாவிகளே இந்த வேலையைத் தம் கையில் எடுத்துக்கொண்டன. ஆண்ட்ராய்டுக்கான குரோம் இந்த வசதியோடு வந்தது. செப்டம்பரில் ஐஓஎஸ் 6 வழியாக ஐபோன் சஃபாரிக்கும் கிடைத்தது. 2013-இல் ஆண்ட்ராய்டு 4.4, செயலிகளுக்குள் பதிந்திருக்கும் வலைப்பக்கங்களையும் பார்க்க வழி திறந்தது. 2014 சனவரியில் வந்த குரோம் 32, கட்டளை வரியைத் தொடாமலே கேபிள் வழியே கைபேசியைக் கண்டுகொள்ளத் தொடங்கியது.

ஆண்ட்ராய்டில்

கைபேசி அமைப்புகளில் ‘பில்ட் நம்பர்’ என்ற வரியை ஏழு முறை தட்ட வேண்டும். ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ என்னும் மறைந்திருந்த பட்டியல் வெளிவரும். அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கிக் கேபிளைச் செருகினால், இந்தக் கணினியை நம்பலாமா என்று கைபேசி கேட்கும். சம்மதித்தபின் கணினிக் குரோமின் ‘இன்ஸ்பெக்ட்’ பக்கத்தைத் திறந்தால் கைபேசியில் திறந்திருக்கும் தாவல்கள் வரிசையாகத் தெரியும். ஒன்றைத் தேர்ந்ததும் கைபேசித் திரையின் படம் ஒருபுறமும் கருவிப்பெட்டி மறுபுறமும் வரும். கணினியில் ஒரு நிறத்தை மாற்றினால் கையில் இருக்கும் கைபேசியில் அது மாறுவதைக் காணலாம்.

முதன்முறை செய்வோர் சறுக்கும் இடம் மென்பொருளில் இல்லை, கேபிளில். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளில் தரவுக் கம்பிகளே இராது. இக்கட்டுரையாளருக்கு, ஒரு மாலை முழுவதும் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் கேபிளை மாற்றியதும் ஒரு நொடியில் இணைப்புக் கிடைத்த அனுபவம் உண்டு.

உள்ளே நடப்பது இது: கைபேசிக் குரோம் ஒரு வாசலைத் திறந்து வைக்கிறது. ஏடிபி என்னும் இடைநிலைக் கருவி அதைக் கேபிள் வழியே கணினியோடு இணைக்கிறது. கருவிப்பெட்டியும் கைபேசி உலாவியும் ஜேசன் வடிவிலான சிறு செய்திகளால் பேசிக்கொள்கின்றன. ‘இந்தக் கூறின் அகலம் என்ன’, ‘இந்த வரியில் நிறுத்து’ என்கிற மாதிரிச் செய்திகள். மைக்ரோசாஃப்ட் எட்ஜும் சோஹோ நிறுவனம் 2023-இல் வெளியிட்ட உலாவும் குரோமின் அடித்தளமான குரோமியத்தின் மேலேயே கட்டப்பட்டவை என்பதால் அவற்றுக்கும் இது பொருந்தும்.

வாசல் திருப்பம் (‘போர்ட் ஃபார்வர்டிங்’) அதிகம் பேசப்படாத, ஆனால் மிகப் பயன்படும் வசதி. சந்தைப் பக்கம் பார்வையாளரின் இருப்பிடத்தைக் கேட்டு வழி சொல்ல வேண்டும். மடிக்கணினியில் ஓடும் பக்கத்தை வைஃபை எண் முகவரி கொடுத்துக் கைபேசியில் திறந்தால் இருப்பிடம் கிடைக்காது. 2016-இல் வந்த குரோம் 50 முதல், பாதுகாப்பற்ற முகவரிகளுக்கு இருப்பிடம் தரப்படுவதில்லை. கணினியின் வாசலைக் கைபேசியின் ‘லோக்கல்ஹோஸ்ட்’டாகத் திருப்பிவிட்டால், சொந்த வீட்டு முகவரி என்று எண்ணி உலாவி அனுமதிக்கும். கோளாறு நிரலில் இல்லை, முகவரியில் என்பது தெரியாமல் நிரலைக் குடைந்துகொண்டிருப்போர் ஏராளம்.

ஐபோனில்

சஃபாரி அமைப்புகளின் ‘அட்வான்ஸ்டு’ பிரிவில் வெப் இன்ஸ்பெக்டரை இயக்கி, மேக் கணினியோடு இணைத்து, அங்கே சஃபாரியின் டெவலப் பட்டியலில் கைபேசியைத் தேர வேண்டும். மேக் கட்டாயம். விண்டோஸுக்கான சஃபாரியை ஆப்பிள் 5.1.7 பதிப்போடு 2012-இல் கைவிட்டது. சிற்றூரில் வலைத்தளம் செய்பவர் எல்லோரிடமும் மேக் இராது. உண்மையான கைபேசிகளைத் தரவு மையத்தில் வைத்து, சந்தாவுக்கு இணையம் வழியே இயக்கத் தரும் சேவைகள் இந்த இடைவெளியை நிரப்புகின்றன. 2011-இல் மும்பையில் தொடங்கிய பிரவுசர்ஸ்டாக் இவற்றில் ஒன்று. ‘தொலை’ என்ற சொல் முழுப் பொருளோடு பொருந்துவது இங்கேதான்.

எட்டாத இடமும் உண்டு. ஓபெரா மினி தன் உச்சச் சிக்கன நிலையில் பக்கத்தைத் தன் வழங்கியிலேயே வரைந்து, சுருக்கிக் கைபேசிக்கு அனுப்புகிறது. கைபேசியில் பிரித்துப் பார்க்கப் பக்கமே இருப்பதில்லை.

பாதுகாப்பு

யுஎஸ்பி டீபக்கிங் திறந்திருக்கும் கைபேசியில், நம்பிக்கை பெற்ற கணினியால் செயலி நிறுவவும் கோப்புகளை எடுக்கவும் முடியும். கணினிச் சாவியைக் கைபேசி உரிமையாளரிடம் காட்டி ஒப்புதல் கேட்கும் முறை ஆண்ட்ராய்டு 4.2.2-இல் வந்தது இதற்காகவே. ஆண்ட்ராய்டு 11 முதல் கேபிள் இல்லாமல் வைஃபை வழியே இணைக்கவும் இணைப்புக் குறியெண் கேட்கப்படுகிறது. அப்படிப்பட்ட காவல் இல்லாமல் 5555 என்னும் ஏடிபி வாசல் இணையத்துக்குத் திறந்து கிடந்த ஆண்ட்ராய்டு கருவிகளில்தான் 2018 பிப்ரவரியில் ‘ஏடிபி.மைனர்’ புழு பரவியது. மெய்நிகர் நாணயம் தோண்ட அவற்றைப் பயன்படுத்திக்கொண்டது. வேலை முடிந்ததும் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் பழைய அனுமதிகளை நீக்கி, டீபக்கிங்கை அணைத்துவிட வேண்டும். வாடிக்கையாளரின் கைபேசியை வாங்கிச் சோதித்திருந்தால், திருப்பிக் கொடுக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.