சுருக்குக் கம்பியும் மலையகத்துச் சிறுத்தையும்

நுவரெலியா நகரிலே கொல்ஃப் மைதானத்தை ஒட்டினாற்போல ஒரு பழைய இடுகாடு உண்டு. அங்கே மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்னும் வெள்ளைக்கார அதிகாரியின் கல்லறை இருக்கிறது. 1845ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆந் திகதி அப்புத்தளையிலே மின்னல் தாக்கி இறந்தவர் அவர். இறந்த பிறகும் அவருடைய கல்லறையை இடி விடவில்லை என்று ஊரிலே ஒரு கதை சொல்வார்கள். யானைகளின் சாபம் என்பது அந்தக் கதையின் உட்கிடை.

கதையை விடுவோம். அந்த மனிதர் கொன்ற யானைகளின் தொகை 1,400க்கு மேல் என்று சொல்லப்படுகிறது. அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். இலங்கை யானைகளில் ஆணிலும் மிகச் சிலவற்றுக்கே தந்தம் உண்டு. ஆகவே தந்தத்துக்காகத்தான் சுட்டார் என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. பெரும்பாலானவை வீழ்ந்த இடத்திலேயே அழுகிப் போயிருக்கும்.

ரொஜர்ஸ் ஒருவரை மட்டும் குற்றக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. அன்றைய அரசாங்கமே யானையைக் கொன்றவனுக்குப் பணம் கொடுத்தது. குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதி வைத்த கணக்கு ஒன்று இருக்கிறது. 1848க்கு முந்திய மூன்று வருடங்களுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளுக்குச் சன்மானம் வழங்கப்பட்டது. 1851 முதல் 1856 வரை தென் மாகாணத்தில் இன்னும் 2,000. கொலைக்குக் கூலி கொடுத்துக் கணக்கெழுதிய அந்தப் பேரேடுகள்தாம் இன்று நமக்குச் சாட்சி.

ரொஜர்ஸ் மறைந்த சில ஆண்டுகளில் நுவரெலியாவில் வந்து குடியேறினார் சாமுவேல் பேக்கர். பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய் உலகப் புகழ் பெற்றாரே, அதே பேக்கர்தான். ஹோர்ட்டன் சமவெளியில் இன்றும் ஒரு நீர்வீழ்ச்சி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் வேட்டை நாய்க் கூட்டத்தை வைத்துக்கொண்டு மரைகளைத் துரத்தினார். ஓடிக் களைத்து ஓடையில் இறங்கி நின்ற மரையைக் கத்தியால் குத்திக் கொல்வதுதான் அவருக்குப் பெருமை. 1854லும் 1855லும் வெளிவந்த அவருடைய இரு நூல்களையும் படிப்பவர்களுக்கு இரண்டு வகையான உணர்ச்சி உண்டாகும். மனிதர் நன்றாக எழுதுகிறார். மூடுபனியும் ஓடையும் புல்வெளியும் கண்முன்னே வருகின்றன. அடுத்த பக்கத்திலேயே இரத்தம். தான் வர்ணித்த அழகுக்கும் தான் சிந்திய இரத்தத்துக்கும் தொடர்பு உண்டென்று அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

ஆனால் நேயர்களே, துப்பாக்கி அழித்ததைவிடக் கோடரி அழித்ததே அதிகம்.

கோப்பிக் காலத்தில் காடு வெட்டிய முறையைக் கேளுங்கள். மலைச்சரிவில் அடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மரத்தையும் பாதியளவுக்கு வெட்டிக்கொண்டே மேலே போவார்கள். ஒன்றும் விழாது; காடு முழுவதும் அரைகுறை வெட்டோடு நின்றுகொண்டிருக்கும். கடைசியாக உச்சியில் நிற்கும் வரிசையை மட்டும் முற்றாக வெட்டிச் சாய்ப்பார்கள். அது கீழே உள்ளதன்மேல் விழ, அது அதற்கும் கீழே உள்ளதன்மேல் விழ, ஒரு மலைச்சரிவே இடிமுழக்கத்தோடு படுத்துவிடும். சில வாரம் காயவிட்டு நெருப்பு வைப்பார்கள். கோடரி பிடித்தவர்களில் சிங்களக் கிராமத்தவர்களும் இருந்தார்கள். கடல் கடந்து வந்த நம்மவர்களும் இருந்தார்கள். அந்த மலை யாருக்கும் சொந்தமாகவில்லை. குறிப்பாக, அதைத் தேயிலை மலையாக்கியவர்களுக்கு இன்றுவரை சொந்தமாகவில்லை.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பி இலையில் துருநோய் தோன்றியது. அதன் பிறகு நடந்தது நீங்கள் அறிந்ததே. கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. கோப்பி ஏற முடியாத குளிர் உச்சிகளுக்கும் தேயிலை ஏறியது.

இந்த இடத்தில் ஒரு நல்ல காரியத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியல் அறிஞர், ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள மலைக்காடுகளைத் தொடாமல் விடும்படி பிரித்தானிய அரசுக்கு ஆலோசனை கூறினார். நதிகளெல்லாம் பிறக்கும் இடம் அது என்பது காரணம். அதை ஒட்டி உத்தரவும் பிறந்தது. அந்த உயரத்துக்கு மேலும் தேயிலை நிற்பதை நுவரெலியாவுக்குப் போகும் எவரும் காணலாம். உத்தரவு முழுமையாகக் காக்கப்பட்டதென்று சொல்ல மாட்டேன். ஆயினும் மலையுச்சிகளிலே தொப்பி வைத்தாற்போலக் கறுத்துத் தெரியும் காடுகள் மிஞ்சியதற்கு அதுவும் ஒரு காரணம். ஹோர்ட்டன் சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் சிவனொளிபாதமலைக் காடும் ஹோர்ட்டன் சமவெளியும் நக்கிள்ஸ் மலையும் சேர்ந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. யானைகள் மட்டும் அந்தச் சமவெளிக்குத் திரும்பவில்லை.

வேட்டைக்காரர்களே பிறகு காவலர்களானதும் ஒரு வேடிக்கை. 1894இல் தொடங்கிய வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தில் பெரும்பாலும் வேட்டைக்காரர்களே இருந்தார்கள். சுடுவதற்கு மிருகம் இல்லாமற் போய்விடுமே என்ற கவலையும் அதில் கலந்திருந்தது. கவலை எதுவானாலும் அதன் பலன் நல்லது. 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1949இல் அதற்கென்று ஒரு திணைக்களமும் உருவாயிற்று.

அந்த மிஞ்சிய காட்டிலே தேவாங்கு ஒன்று இருக்கிறது. நாம் ஒருவரை ஏளனம் செய்ய எடுத்தாளும் பெயர் அது. இந்த மலைத் தேவாங்கோ குட்டைக் கால்களும் அடர்ந்த உரோமமும் உடையது. குளிருக்கு ஏற்ற போர்வை. 1942இல் ஒஸ்மன் ஹில் என்ற உடற்கூற்றியல் பேராசிரியர் இதற்குப் பெயரிட்டார். 1937 முதல் நான்கு தடவைகளே மனிதக் கண்ணில் பட்டதாகக் கணக்கு. அற்றுப் போய்விட்டது என்றே பலரும் எண்ணியிருந்தபோது, 2010இல் அதன் புகைப்படம் வெளியாகி உலகமே வியந்தது. ஒரு சாண் உயரப் பிராணிக்கு அவ்வளவு காலம் ஒளிந்திருக்க முடிந்தது.

சிறுத்தையால் அப்படி ஒளிந்திருக்க முடியாது. இந்தப் பேச்சே அதைப் பற்றியதுதான்.

நம் முன்னோர் மதுரை, திருச்சி, சேலம், இராமநாதபுரம் சீமைகளிலிருந்து வந்தபோது வரிப்புலியைப் பற்றிய நினைவையும் கொண்டு வந்தார்கள். சங்கப் புலவர்களின் குறிஞ்சியிலே பாறைமேல் உதிர்ந்து கிடக்கும் வேங்கைப்பூ புலிக்குட்டியாக மயங்கத் தோன்றும். இலங்கையிலோ வரிப்புலி இல்லை. சிங்கமும் கொடியில் மட்டுந்தான். இங்கே காட்டுக்கு அரசன் புள்ளிச் சிறுத்தையே. தோட்டத்திலே அதையும் நாம் 'புலி' என்றே சொல்லிவிடுகிறோம். உலகில் வேறெங்கும் இல்லாத இந்த இலங்கைச் சிறுத்தைக்கு அறிஞர் தெரணியகல வைத்த விஞ்ஞானப் பெயரின் கடைசிச் சொல் 'கொட்டியா'. போர்க் காலத்தில் அந்தச் சொல் எதைக் குறித்தது, அதைச் சொல்லி யார் யாரை ஏசினார்கள் என்பதெல்லாம் வேறு கதை. ஒரு பாவமும் அறியாத பிராணி அந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது.

சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008இல் இதை அருகிவரும் விலங்காகப் பட்டியலிட்டது. 2020இல் ஒரு படி இறக்கி, ஆபத்தை எதிர்நோக்கும் வகையில் சேர்த்தது. ஆபத்து நீங்கிவிட்டதென்று இதற்குப் பொருளல்ல.

தோட்டத்துக்குள் சிறுத்தை ஏன் வருகிறது என்று பலரும் கேட்கிறார்கள். கேள்வியே சற்றுத் தலைகீழானது. சிறுத்தை அங்கேயே இருந்தது, தோட்டந்தான் வந்தது. உச்சியில் ஒரு துண்டுக் காடு, பக்கத்து மலையில் இன்னொரு துண்டு, இடையே ஓடைக்கரையில் ஒரு பச்சைக் கீற்று. இவற்றுக்கு நடுவே தேயிலை. ஒரு துண்டிலிருந்து மற்றதற்குப் போகச் சிறுத்தைக்குத் தேயிலைக்குள் புகுந்துதான் ஆகவேண்டும். கவ்வாத்து வெட்டாத உயர்ந்த செடிகளுக்கடியில் பகலிலே படுத்துக்கொள்ளவும் வசதி. மரை, கேளையாடு, காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி ஆகியவை அதன் இரை. அவை கிடைக்காத இரவில் லயத்து நாய் கிடைக்கிறது.

காலை பெரட்டு முடிந்து மலையேறும் பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள். தலையிலே கூடைக் கயிறு. கண்ணும் கையும் கொழுந்தின்மேல். கை நீட்டிய செடிக்கு அப்பால் குட்டிகளோடு ஒரு தாய்ச் சிறுத்தை படுத்திருக்கிறது. அதற்கும் தப்ப வழி தெரியவில்லை, இவளுக்கும் தெரியவில்லை. ஒரு பாய்ச்சல். தோளிலும் முதுகிலும் நகக்காயங்களோடு ஹட்டன் பகுதி ஆஸ்பத்திரிகளுக்கு வந்த பெண்களைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். இது மனிதரைத் தின்ன வந்த மிருகத்தின் வேலையல்ல. திடுக்கிட்ட மிருகத்தின் வேலை. இலங்கையில் ஆட்கொல்லிச் சிறுத்தை என்று பேர்பெற்றது 1924இல் புனானையில் சுடப்பட்ட ஒன்றுதான். ஆனால் காயம்பட்டவளிடம் போய் இந்த வேறுபாட்டை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அவளுடைய பயம் உண்மையானது. அந்தப் பயத்தைப் பொருட்படுத்தாத எந்தப் பாதுகாப்பு இயக்கமும் தோட்டத்தில் வேரூன்றாது என்பது என் எண்ணம்.

இனிச் சுருக்குக் கம்பிக்கு வருகிறேன்.

2019இல் சிவனொளிபாதமலை அடிவாரத்தில் தானியங்கிக் கமராவொன்றில் ஒரு கருஞ்சிறுத்தை பதிவாயிற்று. கருஞ்சிறுத்தை தனி இனமல்ல. பிறவியிலேயே கருநிறம் மிகுந்த அதே சிறுத்தைதான். உற்றுப் பார்த்தால் கருமைக்குள்ளே புள்ளிகள் தெரியும். இலங்கையில் அத்தகைய ஒன்றைக் காண்பதே அபூர்வம். 2020 மே 26ஆந் திகதி நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில், மரக்கறித் தோட்டத்தருகே கட்டியிருந்த சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை கழுத்து அகப்பட்டுக் கிடந்தது. வனஜீவராசிகள் திணைக்களத்தினர் வந்து, மயக்க ஊசி போட்டு, உடவளவைக்குக் கொண்டு போனார்கள். மே 29ஆந் திகதி அது இறந்தது.

அந்தச் சுருக்கு சிறுத்தைக்காக வைத்ததா? பெரும்பாலும் இல்லை. காட்டுப்பன்றிக்கு வைப்பார்கள். பழைய பிரேக் கம்பி ஒன்றும் ஒரு தறியும் போதும், செலவே கிடையாது. அதற்குப் பன்றியும் தெரியாது, சிறுத்தையும் தெரியாது. இழுக்க இழுக்க இறுகும். சிறுத்தை பெரும்பாலும் இடுப்பிலே மாட்டிக்கொள்கிறது. திமிறும்போது உள்ளுறுப்புகள் நைந்து போகின்றன. மேலே தோல் கிழியாமல் இருக்கும். உயிரோடு மீட்டாயிற்று என்று செய்தி வரும். இரண்டொரு நாளில் செத்ததென்று அடுத்த செய்தி வரும்.

சுருக்கு வைத்தவனைத் திட்டுவது எளிது. அவன் லயத்துக்குப் பின்னால் கிடைத்த துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் போட்டவன். ஒரே இரவில் பன்றி அதைக் கிளறிவிட்டுப் போகிறது. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் சட்டமாவதற்கே 2021 வரை காத்திருந்த சமூகம் இது. வெள்ளைத்துரை விளையாட்டாகக் கொன்றதற்குக் கல்லறையும் நீர்வீழ்ச்சியும் நினைவுச் சின்னங்கள். வயிற்றுக்காகக் கம்பி கட்டியவனுக்கு விலங்கு. இந்த வேற்றுமையை வரலாறு எழுதுகிறவர்கள் மறைக்கக் கூடாது. அதற்காக, இறைச்சி விற்கக் காடு முழுவதும் சுருக்கு வைத்துத் திரிபவனுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. அவன் வேறு ஆள். தோட்டத்தில் எல்லோருக்கும் அவனைத் தெரியும்.

செய்யக் கூடியவை பெரிய காரியங்களல்ல. பன்றிக்கு வேலி கட்டத் தோட்ட நிர்வாகம் கம்பியும் கட்டையும் கொடுத்தால் சுருக்குக்குத் தேவை குறையும். ஓடைக்கரைக் காட்டையும் உச்சிக் காட்டையும் விறகுக்கென்று மொட்டையடிக்காமல் விட்டால், சிறுத்தைக்கு லயத்துப் பக்கம் வராமல் போக ஒரு வழி இருக்கும். நாய்களை இரவிலே உள்ளே கட்ட வேண்டும். எச்சில் குப்பையை லயத்தோரம் கொட்டாதிருக்க வேண்டும். குட்டிகள் தனியே கிடந்தால் தூக்கி வரக் கூடாது. தாய் அருகில்தான் இருக்கும். அகப்பட்ட சிறுத்தையைச் சுற்றிக் கூட்டம் கூடிப் படம் எடுக்காமல் உடனே திணைக்களத்துக்குச் சொல்ல வேண்டும். கூட்டத்தைக் கண்டு அது திமிறத் திமிறக் கம்பி இறுகுகிறது. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தையைக் கூடி அடித்துக் கொன்று படமும் பிடித்தார்களே, அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டீர்கள்.

மஸ்கெலியாப் பக்கம் கொழுந்து பறித்த என் பெரியம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. புதிய மலையில் இறங்கும்போது முதலில் கூடையைத் தட்டுவார். பிறகு, யாரையோ வீட்டுக்கு வெளியே நின்று கூப்பிடுவதுபோல, "நாங்க வர்றோம், எந்திரிச்சுப் போ சாமி" என்று உரக்கச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் நிற்பார். கங்காணி கத்துவார். பெரியம்மா அசைய மாட்டார். கீழே எங்காவது செடி அசைந்து, அசைவு ஓடைப்பக்கமாக இறங்கிப் போகும்; சில நாள் ஒன்றும் அசையாது. அதன் பிறகுதான் முதல் நிரையிலே கை வைப்பார்.