ஒலிபெருக்கி வழியே வந்த இணையம்

ஒரு புதிய கருவி உலகில் தோன்றும்போது, அதன் முதற்பயனை நுகர்ந்தோர் யார், வாயிலுக்கு வெளியே நின்றோர் யார் என்று வினவுவது வரலாறு பயில்வோரின் கடமை. இணையத்தைக் குறித்தும் நாம் இவ்வினாவை எழுப்பியாக வேண்டும்.

1969 அக்டோபர் 29 ஆம் நாள், கலிபோர்னியாவில் தொலைவிடங்களில் இருந்த இரு கணினிகள் முதன்முதலாகத் தம்முள் செய்தி பரிமாறிக் கொண்டன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பொருளுதவியால் ஆய்வாளர்களுக்கென அமைந்த வலை அது. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்று. விடுதலைத் திருநாளில் திறக்கப்பட்ட அவ்வாயிலில் நான்கு பூட்டுகள் தொங்கின. கணினி வேண்டும்; தொலைபேசி வேண்டும்; ஆயிரக்கணக்கில் கட்டணம் செலுத்த வேண்டும்; ஆங்கிலம் அறிந்திருக்க வேண்டும். நூறு பேருக்கு ஒன்றிரண்டு தொலைபேசிகளே இருந்த நாட்டில், இந்நான்கும் வாய்க்கப் பெற்றோர் எத்தனை பேர்?

இப்பூட்டுகளைத் திறந்து பார்க்கும் முயற்சி ஒன்று, அன்று பாண்டிச்சேரி என வழங்கிய புதுச்சேரியில் 1998 இல் தொடங்கியது. சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அதனை முன்னின்று நடத்தியது. வில்லியனூரில் தலைமை நிலையம். சுற்றியுள்ள சிற்றூர்களில் அறிவு மையங்கள். தொலைபேசிக் கம்பியை நம்ப இயலாத இடங்களில் வானொலி அலைவழியே செய்தி சென்றது. மின்சாரம் பொய்த்தபோது சூரிய ஒளி கைகொடுத்தது. ஊரார் வாடகையின்றி இடம் தந்தனர். நிறுவனம் கருவிகளைத் தந்தது. ஊர்ப் பிள்ளைகளே, அவர்களுள்ளும் பெண்கள் பலர், பயிற்சி பெற்று மையத்தை நடத்தினர். நெல் விலை, உர விலை, கால்நடை மருத்துவம், அரசு உதவித் திட்டங்கள், பேருந்து நேரம் என ஊருக்கு வேண்டியவை தமிழில் தொகுக்கப்பட்டன.

நான்கு பூட்டுகளும் இவ்வாறு திறந்தன. ஆனால் யாரும் விலைக்கு வாங்காத ஐந்தாம் பூட்டு ஒன்று உண்டு. அது நாமே பூட்டி வைப்பது. மையம் எவருக்கும் மூடப்படலாகாது என்பது நிறுவனத்தார் விதித்த நிபந்தனை. எம்பலம் என்னும் ஊரில் மையம் அமைந்தது கோயிலைச் சேர்ந்த ஓர் அறையில். கோயிலின் ஒரு வாயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய இயலாது. விலக்கு நாட்களில் பெண்களும் நுழைய இயலாது. கணினி இருந்த மற்றொரு வாயிலிலோ யாவரும் புகலாம். ஒரே கட்டடம், இரு வாயில்கள்! கருவி தானாகச் சமத்துவத்தைக் கொண்டு வரவில்லை. நிபந்தனை விதித்தவர்களின் உறுதியே கொண்டு வந்தது என்பதை நாம் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும்.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். கடலுக்குள் செல்வோருக்கு அன்றாடம் வேண்டிய செய்தி அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அது கிடைத்தது. போர்க் கப்பல்களை மனத்திற்கொண்டு கணிக்கப்பட்ட அச்செய்தியை வில்லியனூரில் இறக்கி, தமிழாக்கி, குரலாகப் பதிந்து, கடற்கரை ஒலிபெருக்கியில் ஒலிபரப்பினர். எழுத்தறியாத மீனவரும் வலை பின்னியவாறே கேட்டார். கணினியைத் தொட்டறியாதவர், ஆயினும் இணையத்தின் பயனைத் துய்த்தவர் அவர்.

இவ்வேற்பாட்டின் மதிப்பு 2004 டிசம்பர் 26 அன்று விளங்கிற்று. நல்லவாடு என்னும் மீனவர் ஊரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். ஆழிப்பேரலைச் செய்தி அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் அறிவு மையத்தின் கதவை உடைத்துத் திறந்தனர். நாள்தோறும் அலையின் உயரத்தை அறிவித்த அதே ஒலிபெருக்கியில் அபாயத்தை முழங்கினர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. மூவாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் உயிர் பிழைத்தனர். கடல் கடந்து வந்த ஒரு தொலைபேசிச் செய்தி ஒரு வீட்டோடு நின்றிருந்தால் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும். ஒலிபெருக்கியை அடைந்ததால் ஊரே பிழைத்தது.

இன்று நம் வீடுகளில் கைப்பேசிக்குப் பஞ்சமில்லை. ஆகவே இவையெல்லாம் பழங்கதை என எண்ணிவிடலாகாது. கல்வி உதவித்தொகைக்கும் முதியோர் ஓய்வூதியத்திற்கும் இணைய வழியில் விண்ணப்பிக்கும் காலமிது. கடவுச்சொல் அறியாத பாட்டிக்கும், வீட்டு ஆண்மகன் திரும்பும்வரை கைப்பேசிக்காகக் காத்திருக்கும் மகளுக்கும் அவ்வாயில் திறந்திருக்கிறதா? வெளியூரில் பொருளீட்டும் மகன் அனுப்பிய விலையுயர்ந்த கருவி பேழைக்குள் உறங்க, விண்ணப்ப நாள் கடந்து போகும் வீடுகள் இல்லையா?

கருவியை வழங்குவது தொடக்கமேயன்றி முடிவன்று. கம்பி வந்து நிற்கும் இடத்திலிருந்து மனிதர் நிற்கும் இடம்வரை ஓர் இடைவெளி உண்டு. புதுச்சேரிச் சிற்றூர்களில் அவ்விடைவெளியை நிரப்பியவர்கள் ஊரில் பள்ளிப்படிப்பு முடித்த இளம்பெண்கள். நம் தெருவிலும் படித்த பிள்ளைகள் உளர். வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, அறியாதார்க்கு விண்ணப்பம் நிரப்பித் தந்து, அடுத்த முறை அவர்களே நிரப்பக் கற்றுக் கொடுத்தால், அங்கே ஓர் அறிவு மையம் பிறந்துவிடும்.